லூசியா ஹாரிஸின் ஆட்டத்தையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் உங்கள் விளையாட்டுப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு பெட்டிச் செய்தி வந்திருந்தது. அமெரிக்க ஆண்கள் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் ஓர் அணி முறைப்படி தேர்ந்தெடுத்த ஒரே பெண் லூசியா ஹாரிஸ். 1977-ல் கிடைத்த அந்த வாய்ப்பை அவர் தவறவிட்டார். பிறகு எல்லோரும் அவரை மறந்துவிட்டார்கள். இப்படி நாலைந்து வரியில் முடித்திருந்தீர்கள். வருஷம் சரி, பெயர் சரி. ஆனால் அந்த அம்மா ஆடிய ஆட்டத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது, அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும். இடம் போதாவிட்டால் என்னைப் பற்றிச் சொல்வதையெல்லாம் வெட்டிவிடுங்கள். அவருடைய எண்களை மட்டும் வெட்டாதீர்கள்.

நான் அரசுப் பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். எழுபதுகளின் கடைசியில் கல்லூரி அணிக்கு சென்டர், அதாவது கூடைக்கு அருகில் நிற்கும் இடத்தில், ஆடினேன். லூசியா அமெரிக்காவில் சென்டர் ஆடி முடித்த காலமும் ஏறக்குறைய அதுதான். அவர் பெயர் அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது. 2022 ஜனவரி 18-ம் தேதி, 66 வயதில் அவர் காலமான செய்தி வந்தபோதுதான் நான் முதன்முதலாக அந்தப் பெயரைப் படித்தேன். இரண்டு மாதம் கழித்து அவரைப் பற்றிய ஒரு குறும் ஆவணப்படத்துக்கு ஆஸ்கர் விருது கிடைத்தது. என் மகன் அதைப் போட்டுக் காட்டினான். அப்புறம் நானே தேடித்தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

மிசிசிப்பி மாநிலத்தில் மின்டர் சிட்டி என்று ஒரு சின்ன ஊர். அந்த வட்டாரத்தை அங்கே டெல்டா என்கிறார்கள். நமக்கு டெல்டா என்றால் நெல், அங்கே பருத்தி. 1955 பிப்ரவரி 10-ம் தேதி அங்கே ஒரு கறுப்பினக் குடும்பத்தில் லூசியா பிறந்தார். விவசாயக் குடும்பம், நிறைய பிள்ளைகள். இவரும் காட்டில் பருத்தி எடுத்திருக்கிறார். ராத்திரி வீட்டார் தூங்கச் சொன்ன பிறகு போர்வைக்குள் மறைந்துகொண்டு டி.வி.யில் என்.பி.ஏ. ஆட்டம் பார்த்திருக்கிறார். ஆஸ்கர் ராபர்ட்சன் மாதிரி ஆட்டக்காரர்களைப் பார்த்து அவர்களைப்போலவே பந்து போட ஆசைப்பட்டிருக்கிறார். வளர்ந்து ஆறடி மூன்று அங்குலம் ஆனார். ‘நெட்டை, அவ்வளவுதான், வேற ஒண்ணுமில்லை’ என்கிற தோரணையில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி செய்ததை அவரே அந்தப் படத்தில் சொல்கிறார்.

இந்த இடத்தில் நான் படத்தை நிறுத்தச் சொன்னேன். உயரமான பெண் பிள்ளைகளோடுதான் என் வேலைக்காலம் முழுக்கப் போயிருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் திடீரென்று வளர்ந்துவிட்ட ஒரு பிள்ளையை வரிசையில் சட்டென்று கண்டுபிடித்துவிடலாம். தோளைக் குறுக்கி, முதுகைக் கூனி, கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டு கடைசியில் நிற்கும். ‘இன்னும் வளர்ந்தா மாப்பிள்ளைக்கு எங்க போறது?’ என்று வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். அப்படிப்பட்ட பிள்ளையை மைதானத்துக்குக் கூட்டிவந்து, முட்டியை மடக்கு, முதுகை நிமிர்த்து, கையைத் தூக்கிப் பந்தைக் கேள் என்று சொல்லிக் கொடுப்பதற்கே ஒரு பருவம் போய்விடும். பந்தைத் தொடுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். லூசியாவுக்கு கிரீன்வுட்டில் இருந்த அமாண்டா எல்ஸி உயர்நிலைப் பள்ளியில் ஒரு நல்ல பயிற்சியாளர் அமைந்தார். அந்தப் பள்ளிக்காக ஒரே ஆட்டத்தில் 46 புள்ளி எடுத்தார் அந்த நெட்டைப் பிள்ளை.

அடுத்து கல்லூரி. கறுப்பினப் பிள்ளைகள் படிக்கும் ஆல்கார்ன் ஸ்டேட் கல்லூரியில் சேர்வதாக இருந்தார். அங்கே பெண்களுக்குக் கூடைப்பந்து அணியே கிடையாது. அவர் பாட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் பந்தையே மறந்திருப்பார். அந்த நேரத்தில்தான் கிளீவ்லண்ட் ஊரிலிருந்த டெல்டா ஸ்டேட்டில் பெண்கள் அணியைத் திரும்பத் தொடங்கினார்கள். ‘திரும்ப’ என்பதற்குப் பின்னால் ஒரு சங்கதி இருக்கிறது, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த அணியின் பயிற்சியாளர் மார்கரெட் வேட். அவரே முப்பதுகளின் தொடக்கத்தில் அதே கல்லூரிக்காக ஆடியவர். இளம்பெண்களின் உடம்பு இந்த ஆட்டத்தின் கடுமையைத் தாங்காது என்று காரணம் சொல்லி, 1932-ல் நிர்வாகம் அணியைக் கலைத்துவிட்டது. பெண்கள் அழுதுகொண்டே தங்கள் ஆட்ட உடைகளைக் கொளுத்தினார்கள். நாற்பது வருஷம் கழித்து, 1973-ல், அறுபதை எட்டிய அதே மார்கரெட் வேட் அணியைக் கட்டி எழுப்ப வந்தார். அதே ஆண்டு பதினெட்டு வயதில் லூசியா அங்கே போய்ச் சேர்ந்தார். அணியில் அவர் ஒருவர்தான் கறுப்பினப் பெண்.

கல்வி நிலையங்களில் ஆண், பெண் பாகுபாடு காட்டினால் மத்திய அரசின் பணம் கிடையாது என்று அமெரிக்காவில் 1972-ல் சட்டம் வந்தது. அதற்கு ஒரு வருஷம் முன்பு, 1971-ல்தான், கல்லூரிப் பெண்கள் ஐந்து பேராக முழு மைதானமும் ஓடி ஆடும் முறை அங்கே அதிகாரபூர்வமானது. அதுவரை ஆறு பேர் அணி. பெரும்பாலோர் கோட்டைத் தாண்டாமல் பாதி மைதானத்திலேயே ஆட வேண்டும். இவ்வளவும் நடந்து முடிந்த கையோடு லூசியா உள்ளே நுழைகிறார்.

இனி எண்களைச் சொல்கிறேன். முதல் வருஷம் 16 வெற்றி, 2 தோல்வி. அடுத்த வருஷம், 1974-75-ல், ஆடிய 28 ஆட்டத்திலும் ஜெயித்தார்கள். பெண்கள் கல்லூரி விளையாட்டை அந்தக் காலத்தில் நடத்தியது ஏ.ஐ.ஏ.டபிள்யூ. என்ற அமைப்பு. அதன் இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது இம்மாக்குலேட்டா கல்லூரி. தொடர்ந்து மூன்று வருஷம் கோப்பை வாங்கியிருந்த அணி. டெல்டா ஸ்டேட் 90-81 என்று ஜெயித்தது. அடுத்த வருஷமும் அதே இம்மாக்குலேட்டா எதிரே வந்தது. 69-64 என்று மறுபடியும் ஜெயித்தார்கள். 1977-ல் லூசியானா ஸ்டேட் அணியை 68-55. மூன்று வருஷம், மூன்று கோப்பை. இடையில் தொடர்ச்சியாக 51 வெற்றி. லூசியா ஆடிய நான்கு வருஷத்துக்கும் சேர்த்து 109 வெற்றி, 6 தோல்வி.

அவர் கணக்கில் மட்டும் 2,981 புள்ளிகள், 1,662 ரீபவுண்டுகள். கூடையில் விழாமல் தெறித்து வரும் பந்தைப் பிடிப்பதுதான் ரீபவுண்டு. சராசரி பார்த்தால் ஆட்டத்துக்கு 25.9 புள்ளி, 14.5 ரீபவுண்டு. இந்த இரண்டாவது எண்ணைத்தான் உங்கள் நிருபர் கவனிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். புள்ளி எடுப்பதற்குத் தோழிகள் பாஸ் கொடுக்க வேண்டும். ரீபவுண்டை யாரும் கொடுப்பதில்லை. பந்து போடுபவரின் கையை விட்டுக் கிளம்பும்போதே அது வளையத்தில் எந்தப் பக்கம் மோதும், எவ்வளவு தூரம் தெறிக்கும் என்று கணித்து, பக்கத்தில் நிற்கிறவளை முதுகால் மறித்து, இடுப்பைத் தாழ்த்தி, கால்களை அகட்டி இடத்தைப் பிடிக்க வேண்டும். இடத்தைப் பிடித்த பிறகுதான் குதிப்பது. பார்க்கிறவர்களுக்குக் குதித்ததுதான் தெரியும். விலாவில் முழங்கை இடித்ததும், யாரோ காலை மிதித்ததும் ராத்திரி படுக்கும்போது அவளுக்குத்தான் தெரியும். ஆட்டத்துக்குப் பதினான்கு, பதினைந்து தடவை, நான்கு வருஷம் விடாமல் இதைச் செய்வதென்றால் சாமான்யமா? உயரம் இருந்தால் தானாக வந்துவிடும் என்பவர்கள் ஒரே ஒரு தடவை சென்டர் ஆடிப் பார்க்கட்டும்.

அவரது பழைய ஆட்டத் துணுக்குகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அவர் பந்தைக் கேட்டு வாங்கும் விதம். கூடைக்கு அருகில் முதுகைக் காட்டி நிற்கிறார். பின்னால் நிற்கிறவள் தள்ளுகிறாள், இவர் அசைவதில்லை. கை உயர்கிறது, பந்து வருகிறது, அவ்வளவுதான், போர்டில் பட்டு உள்ளே. அலட்டல் இல்லை, தப்படி இல்லை. 45-ம் எண் பனியன். நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் குயின்ஸ் கல்லூரிக்கு எதிராக ஆடியபோது இப்படியே 47 புள்ளி எடுத்தார். மிசிசிப்பியின் பருத்திக்காட்டுச் சிறு கல்லூரி ஒன்று நியூயார்க் போய், அமெரிக்காவின் பேர்பெற்ற அரங்கத்தில், உள்ளூர் அணியை எதிர்த்து ஆடிய ஆட்டம் அது. டெல்டா ஸ்டேட்டில் ஆண்கள் அணிக்கு வரும் கூட்டத்தைவிடப் பெண்கள் அணிக்குக் கூட்டம் அதிகம் வந்தது அந்தக் காலத்தில்தான். கறுப்பினப் பிள்ளைகளுக்கு அதிகம் பழக்கமில்லாத அந்தக் கல்லூரியில் மாணவர்கள் அவரை விழா ராணியாகவும் தேர்ந்தெடுத்தார்கள். கறுப்பினப் பெண் ஒருவருக்கு அங்கே அந்தப் பெருமை கிடைத்தது அதுதான் முதல் தடவை.

ஒலிம்பிக் பற்றியும் உங்கள் செய்தியில் இல்லை. பெண்கள் கூடைப்பந்து ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது 1976-ல், கனடாவின் மான்ட்ரியல் நகரில். ஆண்கள் 1936-லேயே ஆட ஆரம்பித்துவிட்டார்கள். பெண்களுக்கு இன்னும் நாற்பது வருஷம் ஆகியிருக்கிறது. முதல் ஆட்டம் ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும். அந்த ஆட்டத்தில் முதல் கூடையைப் போட்டவர் லூசியா ஹாரிஸ். ஆக, ஒலிம்பிக் பெண்கள் கூடைப்பந்து வரலாற்றின் முதல் புள்ளிகளே அவர் கையிலிருந்து வந்தவைதான். அந்த ஆட்டத்தில் அமெரிக்கா 84-71 என்று தோற்றது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சோவியத் அணியிடம் 112-77 என்று பெரிய அடி வாங்கியது. ஏழடி உயர உல்யானா செமியோனவா ஆடிய அணி அது. மற்ற மூன்று ஆட்டத்தையும் ஜெயித்து அமெரிக்கா வெள்ளி வாங்கியது. அணியிலேயே அதிகப் புள்ளியும் அதிக ரீபவுண்டும் எடுத்தவர் லூசியா: ஆட்டத்துக்கு 15.2 புள்ளி, 7 ரீபவுண்டு. அந்த அணியில் யார் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். டென்னசி பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளராகப் பின்னாளில் எட்டுத் தேசியப் பட்டம் வென்ற பேட் சம்மிட், ஆன் மேயர்ஸ், பதினெட்டு வயதே ஆன நான்சி லீபர்மேன். இவர்களுக்கு நடுவில்தான் லூசியா முதலிடத்தில் இருந்தார்.

சரி, இப்போது உங்கள் செய்தியில் வந்த விஷயத்துக்கு வருகிறேன். 1977 ஜூன் மாதம் என்.பி.ஏ. அணிகள் சுற்றுச் சுற்றாகப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தபோது, நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் அணி, ஏழாவது சுற்றில், 137-வது ஆளாக அவர் பெயரைச் சொன்னது. அந்த வருஷம் பிப்ரவரியில்தான் அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. அப்போது அவர் கருவுற்றிருந்தார். அணியின் முகாமுக்கு அவர் போகவில்லை. விளம்பரத்துக்காகச் செய்கிறார்கள் என்று தனக்குத் தோன்றியதாகப் பின்னாளில் சொன்னார். போகாததில் வருத்தம் ஏதும் உண்டா என்று அந்தப் படத்தில் கேட்கிறார்கள். துளியும் இல்லை என்கிறார். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தவர்கள் அதை நம்புவார்கள். நான் நம்புகிறேன்.

வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் ஒரு பெண், தன்னைவிட அரையடி உயரமும் அதற்கேற்ற எடையும் கொண்ட ஆண்களோடு கூடைக்கடியில் முட்டி மோதப் போகவில்லை என்பதை ‘வாய்ப்பைத் தவறவிட்டார்’ என்று எப்படி எழுத மனசு வரும்? அது போகட்டும், பிள்ளை வயிற்றில் இல்லாமலிருந்தாலும் அது அவருக்கான களமே இல்லை. அவர் ஆட வேண்டியது பெண்களோடு. அதற்குத்தான் இடமில்லாமல் போனது. எனக்குக் கோபம் வருவது இதில்தான். கல்லூரி முடிந்தபோது அவருக்கு வயது 22. நாட்டிலேயே சிறந்த கல்லூரி விளையாட்டு வீராங்கனைக்குத் தரும் பிராடரிக் கோப்பையை அந்த வருஷம்தான் முதன்முதலாகக் கொடுத்தார்கள். அதை வாங்கியதும் இவர்தான். இப்படிப்பட்ட ஆட்டக்காரி அடுத்த நாள் காலையில் எங்கே போய் ஆடுவார்? பெண்களுக்கென்று ஒரு லீக் கிடையாது. 1978 கடைசியில் டபிள்யூ.பி.எல். என்று ஒரு பெண்கள் கூடைப்பந்து லீக் தொடங்கினார்கள். 1979-80-ல் ஹூஸ்டன் ஏஞ்சல்ஸ் அணிக்காக லூசியா கொஞ்ச காலம் ஆடினார். 1981-ல் அந்த லீக்கே மூடிப்போனது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கை அமெரிக்கா புறக்கணித்தது. இன்று நாம் பார்க்கும் பெண்கள் லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ. வந்தது 1997-ல். அப்போது லூசியாவுக்கு 42 வயது.

அதற்குப் பிறகு அவர் சும்மா இருக்கவில்லை. டெல்டா ஸ்டேட்டிலேயே மாணவர் சேர்க்கைப் பிரிவில் வேலை பார்த்தார், உதவிப் பயிற்சியாளராக இருந்தார், கல்வியியலில் முதுகலைப் பட்டம் வாங்கினார். 1984 முதல் 1986 வரை டெக்சஸ் சதர்ன் பல்கலைக்கழகப் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளர். பிறகு மிசிசிப்பிக்கே திரும்பிப் பள்ளிகளில் ஆசிரியையாக, பயிற்சியாளராக இருந்தார். நான்கு பிள்ளைகளை வளர்த்தார். இருமுனை மனநோய் அவரை வாட்டியது. அதை மறைக்காமல் கேமரா முன் சொன்னார். மனநோய் வந்தவர்களை ‘அவங்க இப்ப நல்லா இல்லை’ என்று தணிந்த குரலில் பேசி முடித்துவிடுவது நம் வழக்கம். அந்த அம்மா தன் கோப்பைகளைச் சொன்ன அதே குரலில் தன் நோயையும் சொன்னார். அதற்காகவும் அவர் மேல் எனக்குத் தனி மரியாதை.

எல்லோரும் அவரை மறந்துவிட்டார்கள் என்பதும் முழுக்கச் சரியில்லை. ஆட்டம் தெரிந்தவர்கள் மறக்கவில்லை. 1992-ல் கூடைப்பந்துக்கான நெய்ஸ்மித் புகழ் மன்றத்தில் அவரையும் நேரா ஒயிட்டையும் சேர்த்தார்கள். ஆட்டக்காரிகள் என்ற தகுதியில் அங்கே நுழைந்த முதல் பெண்கள் இவர்கள் இருவரும்தான். கறுப்பினப் பெண் என்ற வகையிலும் லூசியாவே முதல். அன்று அவரை மேடையில் அறிமுகம் செய்ய வந்தவர் யார் தெரியுமா? போர்வைக்குள் ஒளிந்துகொண்டு அவர் பார்த்த அதே ஆஸ்கர் ராபர்ட்சன்.

மறந்தது பத்திரிகைகள். கூடவே கணக்கு எழுதுகிறவர்கள். பெண்கள் கல்லூரிப் போட்டிகளை ஏ.ஐ.ஏ.டபிள்யூ. நடத்திக்கொண்டிருந்தது என்று சொன்னேன் அல்லவா? ஆண்கள் போட்டிகளை நடத்திவந்த என்.சி.ஏ.ஏ. என்ற பெரிய அமைப்பு எண்பதுகளின் தொடக்கத்தில் பெண்கள் போட்டிகளையும் எடுத்துக்கொண்டது. பழைய அமைப்பு மூடப்பட்டது. பழைய காலத்துப் புள்ளிகளைப் புதிய அமைப்பின் சாதனைப் பட்டியலில் சேர்க்கவில்லை. 2024-ல் கெயிட்லின் கிளார்க் என்ற பெண் அமெரிக்கக் கல்லூரி சாதனைகளை ஒவ்வொன்றாக முறியடித்தபோது நம்மூர்ப் பத்திரிகைகள்கூடப் பெரிய படம் போட்டன. அந்தப் பெண் அபாரமான ஆட்டக்காரி, சந்தேகமே இல்லை. என்.சி.ஏ.ஏ. பட்டியலில் இருந்த சாதனையை அவர் முதலில் தாண்டினார், உலகமே கொண்டாடியது. ஆனால் ஏ.ஐ.ஏ.டபிள்யூ. காலத்தில் கான்சஸ் பல்கலைக்கழகத்துக்காக லினெட் வுட்டார்ட் 3,649 புள்ளிகள் எடுத்திருந்தார். ‘அதையும் கணக்கில் சேருங்கள்’ என்று பழைய ஆட்டக்காரிகளும் பயிற்சியாளர்களும் கேட்டார்கள். கிளார்க் பிறகு அதையும் தாண்டினார். அந்தப் பேச்சு கிளம்பியதால்தான் வுட்டார்ட் என்று ஒருவர் இருந்ததே பல பேருக்குத் தெரிந்தது. லூசியாவின் 2,981-ம் அந்தப் பழைய பேரேட்டில்தான் கிடக்கிறது.

நம் ஊர் நிலைமையையும் நினைத்துப் பார்த்தேன். ஒரு விஷயத்தில் நம் பெண்களுக்கு லூசியாவைவிடக் கொஞ்சம் மேலான வழி இருந்திருக்கிறது. அது ரயில்வே வேலை. நன்றாக ஆடுகிற பெண்ணுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்தால் மாதச் சம்பளமும் வரும், பயிற்சிக்கு அனுமதியும் உண்டு, கல்யாணத்துக்குப் பிறகும் மைதானத்துக்கு வர வீட்டில் தடை சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அது உத்தியோகம். தேசியப் போட்டிகளில் இந்திய ரயில்வே பெண்கள் அணி இத்தனை காலம் கொடிகட்டிப் பறந்ததற்குக் காரணம் இதுதான். சென்னையின் அனிதா பால்துரை தெற்கு ரயில்வேயில் வேலை பார்த்தவர்தான். அவர் 2001 முதல் 2017 வரை ஒன்பது ஆசியச் சாம்பியன்ஷிப் போட்டிகளில் இந்தியாவுக்காக ஆடினார். 2021-ல் அவருக்கு பத்மஸ்ரீ அறிவித்தார்கள். 22 வயதில் கல்லூரி ஆட்டம் முடிந்துபோன லூசியாவுக்கு இப்படி ஒரு சம்பளமும் ஒரு அணியும் இருந்திருந்தால் இன்னும் பத்து வருஷமாவது ஆடியிருப்பார்.

ஆனால் அனிதா தேசியப் போட்டிகளில் எந்த வருஷம் எத்தனை புள்ளி எடுத்தார், எந்த ஆட்டத்தில் எத்தனை ரீபவுண்டு என்று நான் ஒரு பிள்ளைக்குச் சொல்ல விரும்பினால் உங்கள் பத்திரிகையின் பழைய இதழ்களில் அது கிடைக்காது. ‘தமிழ்நாடு பெண்கள் அணி வெற்றி’ என்ற தலைப்பும், கடைசி ஸ்கோரும், யாரோ ஒரு பிரமுகர் கோப்பை கொடுக்கும் படமும்தான் கிடைக்கும். படத்தில் பிரமுகர் நடுவில் இருப்பார். ஆட்டக்காரிகளின் பெயர் இருக்காது. கிரிக்கெட்டில் பதினோராவதாக வந்து ஒரு ரன் எடுத்தவர் பெயரும் ஸ்கோர் அட்டையில் அச்சாகிறது. மாநிலப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் முப்பது புள்ளி எடுத்த பெண்ணின் பெயரைப் போட மட்டும் இடம் இருப்பதில்லை.

டெல்டா ஸ்டேட் என்ற சின்னக் கல்லூரியில் யாரோ ஒருவர் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மேஜையில் உட்கார்ந்து, கோடு கோடாகப் போட்டுக் கணக்கு எழுதி வைத்திருக்கிறார். 109-6 என்றும், 1,662 ரீபவுண்டு என்றும் நான் இங்கே உட்கார்ந்து எழுத முடிகிறது என்றால் அது அந்த நோட்டால்தான். அமைப்பே மூடிப்போன பிறகும் அந்த எண்கள் பிழைத்திருக்கின்றன.

ஆகவே இரண்டு வேண்டுகோள். முதலாவது, லூசியா ஹாரிஸைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் அரைப் பக்கமாவது எழுதுங்கள். படம் போடுவதாக இருந்தால் 45-ம் எண் பனியனோடு ரீபவுண்டுக்குப் போகும் படமாகப் பார்த்துப் போடுங்கள். என்.பி.ஏ. விஷயம் கடைசிப் பத்தியில் வந்தால் போதும்.

இரண்டாவது, பள்ளிகளுக்கான மாவட்ட, மாநிலப் போட்டிகள் நடக்கும்போது பெண்கள் கூடைப்பந்து முடிவுகளோடு அதிகப் புள்ளி எடுத்த இரண்டு பேர், அதிக ரீபவுண்டு எடுத்த ஒருவர், இவர்கள் பெயரையும் பள்ளியையும் எண்களோடு அச்சிடுங்கள். இரண்டு வரிதான் ஆகும். ஸ்கோர் ஷீட் ஆட்டம் முடிந்ததும் நடுவர்களின் மேஜையிலேயே இருக்கும். ரீபவுண்டுக் கணக்கு அதில் இருக்காது. ஆனால் அந்தப் பள்ளியின் பி.டி. டீச்சர் கையில் ஒரு நோட்டு வைத்திருப்பார். உங்கள் நிருபர் ஆட்டம் முடிந்த கையோடு கேட்டால் போதும், அவரே எழுதிக் கொடுத்துவிடுவார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
திண்டுக்கல்.